பிரிண்டர் பழுதில்லை: பி.டி.எஃப் படிவம் சரியாக அச்சாகாதபோது எங்கே பார்ப்பது?

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தேநீர்க் கடையில் அந்த அம்மாவைச் சந்தித்தேன். பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்தார். பொலித்தீன் பைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த தாளொன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். நடுவில் சில வரிகள் ஆங்கிலம். மற்ற இடமெல்லாம் வெறும் வெள்ளை.

"கனடாவுல இருந்து மகன் அனுப்புன ஃபோர்ம், தம்பி. ரெண்டு கடையிலயும் இப்பிடித்தான் வந்துச்சு. மெசின் பழுதுன்னு சொல்றாங்க."

அந்த வரிகள் சொன்னது இதுதான்: தயவுசெய்து காத்திருக்கவும், சற்று நேரத்தில் இந்தச் செய்தி மறைந்து ஆவணம் தோன்றாவிட்டால், உங்களிடமுள்ள மென்பொருளால் இவ்வகை ஆவணத்தைக் காட்ட முடியாமல் இருக்கலாம். இரண்டு கடைக்காரர்களும் அதை அச்சிட்டுக் கொடுத்துக் காசும் வாங்கியிருக்கிறார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கிளிநொச்சிக்குப் போய், இறுதி யுத்தத்தில் கணவரை இழந்து, மீண்டும் அண்ணனின் லயத்துக்கே திரும்பிவந்தவர் அவர். ஒரு நாள் கொழுந்துச் சம்பளத்தை விட்டுவிட்டு அந்த வெற்றுத் தாளுக்காக வந்திருந்தார்.

பிரிண்டரில் எந்தப் பழுதும் இல்லை. தனக்குக் கொடுக்கப்பட்டதை அது ஒழுங்காகவே அச்சிட்டிருந்தது.

சுயாதீன ஊடகவியலாளராகத் தோட்டங்களுக்குப் போகும்போது செய்தி சேகரிப்பதைவிடப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலைதான் எனக்கு அதிகம். ஊடகக் கற்கை படித்த காலத்தில் பக்க வடிவமைப்புக்காக எழுத்துருக்களோடு மல்லுக்கட்டியது இப்போது இதற்குத்தான் உதவுகிறது. பசறை, ஹாலிஎல, லுணுகலை, ஹப்புத்தளை என்று எங்கு போனாலும் "அச்சாகவில்லை" என்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை ஒன்றுபோலவே இருக்கின்றன. பிரிண்டரைத் தட்டுவதற்கு முன்னால், அந்தக் கோப்பை எந்த மென்பொருள் திறந்திருக்கிறது என்று பாருங்கள். கொமியூனிகேஷன் கடை வைத்திருப்பவர்களுக்கும், வீட்டில் கணினி உள்ளவர்களுக்கும், கடைக்காரருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்களுக்கும் பயன்படட்டும் என்று எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

பி.டி.எஃப் என்பது அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்ட கோப்பு வடிவம். 2008இல் அது ஐ.எஸ்.ஓ. 32000 என்ற சர்வதேச நியமமானது. எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். அடோபி மட்டுமல்ல, எட்ஜ், குரோம், பயர்ஃபொக்ஸ், கைப்பேசி எல்லாமே இப்போது பி.டி.எஃப் திறக்கும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. எல்லாம் திறக்கும், ஆனால் எல்லாம் எல்லாவற்றையும் காட்டாது.

கனடா குடிவரவுத் துறையின் பல படிவங்கள், குறிப்பாக ஐ.எம்.எம். 0008 போன்றவை, எக்ஸ்.எஃப்.ஏ. என்ற வகையைச் சேர்ந்தவை. வெளியில் 'காத்திருக்கவும்' என்று எழுதிய ஒரே ஒரு பக்கம். உண்மையான படிவம் அதற்குள்ளே வேறொரு மொழியில் எழுதப்பட்டுக் கிடக்கும். அடோபி ரீடர் அந்த உள்ளடக்கத்தைப் படித்துப் படிவத்தை வரைந்து காட்டும். எட்ஜும் குரோமும் கைப்பேசியும் வெளிப்பக்கத்தைக் காட்டுவதோடு நின்றுவிடும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அது மாறப்போவதில்லை. பயர்ஃபொக்ஸ் 2021இலிருந்து இவ்வகைப் படிவங்களைத் திறக்கிறது. ஆனால் கனடா தரப்பு கேட்பது அடோபி ரீடரைத்தான். 2017இல் வந்த பி.டி.எஃப் 2.0 நியமம் எக்ஸ்.எஃப்.ஏ.யைக் கைவிட்டுவிட்டது. ஆனால் ஒரு நியமம் கைவிட்டதை ஓர் அரசாங்கத் திணைக்களம் எப்போது கைவிடும் என்பது வேறு கதை.

இப்படிச் செய்யுங்கள். இணையத்தளத்திலுள்ள இணைப்பை நேரடியாக அழுத்தாமல், அதன்மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி 'சேவ் லிங்க் அஸ்' என்பதைத் தெரிவுசெய்து கோப்பைச் சேமியுங்கள். பிறகு சேமித்த இடத்துக்குப் போய், கோப்பின்மேல் வலது பொத்தானை அழுத்தி, 'ஓப்பன் வித்' என்பதில் அடோபி ரீடரைத் தெரிவுசெய்யுங்கள். ரீடர் இலவசம், 'ப்ரோ' என்ற பெயரில் காசு கேட்பது வேறு, அது இதற்குத் தேவையில்லை. ரீடரைத் தரவிறக்கும் பக்கம் கூடவே வேறு மென்பொருட்களையும் தலையில் கட்டப் பார்க்கும். அந்தக் கட்டங்களில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். படிவத்தை நிரப்பி முடித்ததும் 'வெலிடேட்' பொத்தானை அழுத்த வேண்டும். விடுபட்ட இடங்களை அது சுட்டிக்காட்டும். எல்லாம் சரியென்றால் கடைசியில் பார்கோட் பக்கம் சேரும். அதற்குப் பிறகு ஓர் எழுத்தை மாற்றினாலும் திரும்பவும் அழுத்த வேண்டும். இந்த வேலையைக் கைப்பேசியில் செய்ய முயன்று ஓர் இரவை வீணாக்காதீர்கள்.

கதவு இரண்டு

"ரீடரைத்தான் போட்டிருக்கிறோமே, பிறகும் எட்ஜில்தானே திறக்கிறது?" என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். பி.டி.எஃப் கோப்பு திறப்பதற்கு இரண்டு கதவுகள் உண்டு. இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு.

முதலாவது விண்டோஸ். டெஸ்க்டொப்பிலோ ஒரு கோப்புறையிலோ இருக்கும் கோப்பை இரண்டுமுறை தட்டினால் எந்த மென்பொருள் திறக்க வேண்டும் என்று விண்டோஸ் ஒரு குறிப்பு வைத்திருக்கும். இதுதான் 'டிஃபோல்ட் அப்'. விண்டோஸ் 10இலும் 11இலும் அது எட்ஜாகவே வருகிறது. ரீடரை நிறுவினால் மட்டும் அது தானாக மாறாது. ஒரு மென்பொருள் பயனரைக் கேட்காமல் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதை விண்டோஸ் தடுத்து வைத்திருக்கிறது. நாம்தான் கையால் மாற்ற வேண்டும். கோப்பின்மேல் வலது பொத்தான், 'ஓப்பன் வித்', 'சூஸ் அனதர் அப்'. பட்டியலில் ரீடரைத் தெரிவுசெய்து, விண்டோஸ் 11 என்றால் 'ஆல்வேஸ்' பொத்தானை அழுத்துங்கள். விண்டோஸ் 10இல் கீழேயுள்ள 'ஆல்வேஸ் யூஸ் திஸ் அப்' என்ற கட்டத்தில் சரி போட வேண்டும். பலர் மறந்துவிடுவது அந்தச் சரியைத்தான். அது இல்லாவிட்டால் மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டுமே. செட்டிங்ஸில் 'அப்ஸ்', 'டிஃபோல்ட் அப்ஸ்' என்று போயும் .பி.டி.எஃப் என்ற கோப்பு வகைக்கு உரிய மென்பொருளை மாற்றலாம். சில வேளைகளில் விண்டோஸே இந்த மாற்றத்தைத் திருப்பிவிட்டு, டிஃபோல்ட் மீளமைக்கப்பட்டது என்றொரு சிறு அறிவிப்பைக் காட்டும். அப்போது மறுபடியும் மாற்ற வேண்டியதுதான். வேறு வழியில்லை.

இரண்டாவது கதவு உலாவி. இணையத்தளத்தில் ஓர் இணைப்பை அழுத்தும்போது விண்டோஸின் குறிப்பை யாரும் பார்ப்பதில்லை. எட்ஜும் குரோமும் தாமே திறந்துவிடும். முதலாவது கதவை எத்தனை முறை சரிசெய்தாலும் இது மாறாது. இரண்டு உலாவிகளின் செட்டிங்ஸிலும் தேடும் பெட்டியில் பி.டி.எஃப் என்று தட்டினால், பி.டி.எஃப்பைத் திறக்காமல் எப்போதும் தரவிறக்கு என்று ஒரு தெரிவு வரும். கடை வைத்திருப்பவர்கள் அதை இன்றே போட்டுவிட்டால், 'காத்திருக்கவும்' பக்கம் எவர் கையிலும் போகாது.

இதே டிஃபோல்ட் சிக்கல் இன்னொரு வேடத்திலும் வரும். தோட்டப் பிள்ளைகளுக்கு உதவும் சிறிய அமைப்பொன்றின் கணினியில், பற்றுச்சீட்டு மென்பொருள் திடீரென்று அச்சிட மறுத்தது. இந்தச் செயலைச் செய்ய இக்கோப்புடன் இணைக்கப்பட்ட மென்பொருள் எதுவுமில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி. புதிய பிரிண்டர் வாங்க விலை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நடந்தது என்னவென்றால், அந்த மென்பொருள் பற்றுச்சீட்டை பி.டி.எஃப் ஆக்கி, "இதை அச்சிடு" என்று விண்டோஸிடம் கொடுக்கிறது. டிஃபோல்ட் எட்ஜாக இருந்தால், திறக்கத் தெரியுமே தவிர, இப்படிப் பின்கதவால் வரும் அச்சுக் கட்டளையை ஏற்க ஆளில்லை. கோப்பின்மேல் வலது பொத்தானை அழுத்தும்போது 'பிரிண்ட்' என்ற சொல்லே வராமல் போவதற்கும் இதுதான் வழக்கமான காரணம். டிஃபோல்ட்டை ரீடருக்கு மாற்றினோம். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. 'பிரிண்ட்' காணாமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஒரே தடவையில் 15க்கு மேற்பட்ட கோப்புகளைத் தெரிவுசெய்தால் விண்டோஸ் அந்தத் தெரிவை மறைத்துவிடும். பதினைந்து பதினைந்தாகக் கொடுங்கள்.

பெயர் சிதையும்போது

எனக்கு உண்மையில் பயமூட்டுவது வெற்றுத் தாள் அல்ல. வெற்றுத் தாளை யாரும் கச்சேரிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டார்கள். தவறான எழுத்தோடு அச்சாகும் தாளைக் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் மக்களின் கடதாசிக் கதையை வடக்கு வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் ஒரு வரி: 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் எண்ணிக்கையாகப் பிரிக்கப்பட்டு, 1988, 2003 சட்டங்கள்வரை பிரஜாவுரிமைக்குக் காத்திருந்தவர்கள் மலையகத் தமிழர்கள். இந்தக் காலம் முழுவதும் பெயரை எழுதியவர்கள் வேறு யாரோ. தோட்டத்துப் பதிவில் லெச்சுமி, பிறப்புச் சான்றிதழில் லட்சுமி, அடையாள அட்டையில் லெட்சுமி என்று ஒரே பெண் மூன்று பேராக இருப்பது இங்கே சாதாரணம். 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் வன்னிக்குப் போனவர்களுக்கு அங்கே எழுதப்பட்ட பெயர் நான்காவது. காணாமற்போன மகனுக்கான விண்ணப்பத்தில் தாயின் பெயர் ஓர் எழுத்துப் பிசகினாலும், "இது நீங்கள்தானா?" என்ற கேள்வியிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும். அந்த வரிசையில் ஐந்தாவது பெயரை ஒரு பிரிண்டர் எழுதிவிடக் கூடாது.

எழுத்து சிதைவதற்கு இலங்கையில் முதற்காரணம் பாமினி. யூனிகோட் 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கிவிட்டது. இலங்கையும் 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற நியமத்தைக் கொண்டுவந்தது. ஆனாலும் தட்டச்சுக் கடைகளிலும் பத்திரிகை வடிவமைப்பிலும் பாமினி இன்னும் உயிரோடிருக்கிறது. பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருட்களுக்கு யூனிகோட் தமிழ் தெரியாது என்பது அதற்கு ஒரு காரணம். பாமினியில் தட்டிய எழுத்து கணினிக்குத் தமிழே அல்ல. 'அம்மா' என்று நீங்கள் காண்பது, உள்ளே எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தான். பாமினி எழுத்துரு மேலே போர்த்தியிருக்கும்வரை அது அம்மா. போர்வை விலகினால் யாருக்கும் புரியாத ஆங்கிலம்.

பி.டி.எஃப் செய்யும்போது அந்தப் போர்வையைக் கோப்புக்குள்ளேயே வைத்துத் தைக்கலாம். தைத்திருக்கிறதா என்று பார்ப்பது எளிது. ரீடரில் 'ஃபைல்', 'புரொப்பர்ட்டிஸ்', 'ஃபொன்ட்ஸ்' என்று போங்கள். எழுத்துருவின் பெயருக்குப் பக்கத்தில் 'எம்பெடட்' அல்லது 'எம்பெடட் சப்செட்' என்று இருந்தால் எழுத்து கோப்போடு வந்திருக்கிறது. இல்லாவிட்டால் கோப்பை அனுப்பியவரின் கணினியில் மட்டுமே அது தமிழாகத் தெரியும்.

இங்கே இரண்டு நிலைமைகளைப் பிரித்தறிய வேண்டும். திரையிலேயே எழுத்துக் குழம்பியிருந்தால் எழுத்துரு உள்ளே இல்லை. உங்கள் கணினியில் பாமினியை நிறுவிப் பாருங்கள். பெயர் பொருந்தினால் ரீடர் அதை எடுத்துக்கொள்ளும். சரிவராவிட்டால் அனுப்பியவரிடமே மீண்டும் செய்து தரச் சொல்லுங்கள். வேர்டில் செய்கிறார் என்றால், பி.டி.எஃப் ஆகச் சேமிக்கும்போது 'ஓப்ஷன்ஸ்' என்பதில் பி.டி.எஃப்/ஏ என்ற தெரிவில் சரி போடச் சொல்லுங்கள். எழுத்துருவை உள்ளே வைத்தே ஆகவேண்டும் என்பது அந்த வகையின் விதி.

திரையில் சரியாகத் தெரிந்து தாளில் மட்டும் கட்டம் கட்டமாகவோ எழுத்து மாறியோ வந்தால் கோப்பு நல்லது, இடையிலுள்ள பிரிண்டர் மென்பொருள்தான் தடுமாறுகிறது. ரீடரின் அச்சுப் பெட்டியில் 'அட்வான்ஸ்ட்' பொத்தானை அழுத்தி, 'பிரிண்ட் அஸ் இமேஜ்' என்பதில் சரி போடுங்கள். பக்கத்தை எழுத்தாக அனுப்பாமல் ஒரு படமாக அனுப்பும் வழி இது. சற்றுத் தாமதமாகும். கூர்மை குறைந்தால் அங்கேயே 300 டி.பி.ஐ. என்று வையுங்கள். பத்துக்கு ஏழெட்டுத் தடவை எனக்குக் கைகொடுத்த வழி இதுதான். எட்ஜில் இந்த வழியைத் தேடாதீர்கள், ரீடரில்தான் செய்ய வேண்டும்.

யூனிகோட்டிலும் ஒரு பொறி உண்டு. பி.டி.எஃப்பிலிருந்து பெயரைக் கொப்பி எடுத்து இன்னொரு படிவத்தில் ஒட்டும்போது, ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்தை விட்டு விலகிப் பின்னால் போய் நிற்கலாம், அல்லது ஒரு புள்ளி வட்டத்தில் தொங்கலாம். பெருமாள் என்ற பெயர் வாசிக்க முடியாத ஒன்றாகிவிடும். பெயர், ஊர், தோட்டப் பிரிவு ஆகிய மூன்றையும் ஒருபோதும் ஒட்டாதீர்கள். அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிதாகத் தட்டுங்கள். பதுளை மாவட்டத்தில் பல பிரதேச செயலகங்கள் சட்டப்படி இருமொழியில் இயங்க வேண்டியவை. தமிழில் நிரப்பியது வாசிக்கும்படி இருந்தால் அந்த உரிமையைக் கேட்க முடியும். சிதைந்திருந்தால், "சிங்களத்தில் எழுதிக்கொண்டு வாங்க" என்ற பதிலுக்கு நாமே வழிவிட்டதாகிவிடும்.

பிரிண்டரைப் பார்க்கும் நேரம்

மேற்சொன்ன எல்லாம் சரியென்றால் இப்போது பிரிண்டர். 'பிரிண்ட்' கொடுத்ததும் தாள் வராமல் "எங்கே சேமிக்க?" என்று கணினி கேட்டால், தெரிவாகியிருப்பது 'மைக்ரோசொஃப்ட் பிரிண்ட் டு பி.டி.எஃப்'. அது உண்மையான பிரிண்டர் அல்ல, இன்னொரு கோப்பை உருவாக்கும் கருவி. 'லெட் விண்டோஸ் மனேஜ் மை டிஃபோல்ட் பிரிண்டர்' என்ற தெரிவு போட்டிருந்தால், கடைசியாகப் பயன்படுத்தியது எதுவோ அதையே விண்டோஸ் டிஃபோல்ட் ஆக்கிக்கொண்டிருக்கும். அதை நிறுத்திவிட்டு உங்கள் பிரிண்டரை நீங்களே டிஃபோல்ட் ஆக்குங்கள்.

மின்சாரம் போய் வந்த பிறகு வேலைகள் வரிசையில் சிக்கி நிற்பது மழைக்காலத்தில் இங்கே அடிக்கடி நடக்கும். பிரிண்டரை அணைத்துப் போட்டும் தீராவிட்டால், ஸ்டார்ட்டில் 'சர்வீசஸ்' என்று தட்டித் திறந்து, 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை நிறுத்துங்கள். பிறகு விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற கோப்புறையில் உள்ளவற்றை மட்டும் அழித்துவிட்டு, ஸ்பூலரை மறுபடி இயக்குங்கள்.

தாள் அளவையும் கவனியுங்கள். நமது படிவங்கள் ஏ4, 210க்கு 297 மில்லிமீற்றர். வட அமெரிக்கப் படிவங்கள் 'லெட்டர்', 216க்கு 279. ஏ4 தாளில் அவற்றை அச்சிடும்போது 'ஃபிட்' என்று கொடுக்காவிட்டால் ஓரம் வெட்டுப்படலாம். நமது படிவங்களுக்கு 'அக்சுவல் சைஸ்' போதும்.

இனி நான் வலியுறுத்திக் கேட்கும் ஒரு விடயம். நகரத்துக் கடையொன்றில் ஒருமுறை டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்தபோது, முன்பின் தெரியாதவர்களின் பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகங்கள், தடுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டவர் ஒருவரின் கடிதம் எல்லாம் வரிசையாகக் கிடந்தன. கடைக்காரர் கெட்டவர் அல்ல, அழிக்க நேரமில்லாதவர். விசாரிப்பவர்கள் வந்துபோகும் வாழ்க்கை நமக்குப் புதிதல்ல. காணாமற்போனவரின் விபரம் பொதுக் கணினியில் கிடப்பது எத்தகையது என்று உங்களுக்குத் தெரியும். அச்சிட்டு முடிந்ததும் கோப்பை அழிக்கச் சொல்லுங்கள், ரிசைக்கிள் பின்னையும் வெறுமையாக்கச் சொல்லுங்கள். கடைக் கணினியில் உங்கள் வட்ஸ்அப்பைத் திறந்திருந்தால், உங்கள் கைப்பேசியில் 'லிங்க்ட் டிவைசஸ்' என்பதற்குப் போய் அந்தக் கணினியை நீக்கிவிட்டே படியிறங்குங்கள். வட்ஸ்அப்பில் படிவம் அனுப்பும்போது படமாக அல்லாமல் 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் தரம் குறைந்து சிறிய எழுத்து மங்கிவிடும். அச்சிட்ட ஆவணங்களின் பி.டி.எஃப் பிரதி ஒன்றைப் பிள்ளைகளின் மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்களோடு கடதாசிகளும் புதைந்தன.

அன்று அந்த அம்மாவின் மகனுக்கு அழைப்பெடுத்து, கோப்பைத் திரும்ப அனுப்பச் சொன்னேன். மூன்றாவதாக ஒரு கடைக்குப் போனோம். ரீடர் இருந்தது, டிஃபோல்ட் எட்ஜ். வலது பொத்தானை அழுத்தித் திறந்ததும் படிவம் முழுவதுமாக விரிந்தது. பெயர்க் கட்டத்துக்கு வந்தபோது எந்தப் பெயரைப் போடுவது என்று கேட்டேன். பையிலிருந்து அடையாள அட்டையையும், கிளிநொச்சியில் எடுத்த பிறப்புப் பதிவுப் பிரதியையும் எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் எழுத்து வேறு. படிவத்தை நிரப்பாமல் சேமித்துக்கொண்டு, முதலில் சத்தியக்கடதாசி எழுதச் சமாதான நீதவான் ஒருவரைத் தேடிப் போனோம்.